சோழ அரசி கட்டிய கடைசிக் கற்றளி... திருவக்கரை கோயிலில் எத்தனை பேர் இதைக் கவனிக்கிறோம்?

வார இறுதியில் குயிலாப்பாளையம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆரோவில்லுக்குப் போகும் அந்தச் சாலை முழுக்க வாடகை ஸ்கூட்டர், காபி கடை, பேக்கரி, கையில் செல்போனோடு மேப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞர் கூட்டம். மாத்ரிமந்திர் பார்த்தோமா, பீச்சுக்குப் போனோமா, பாண்டிச்சேரிக்குத் திரும்பினோமா என்று பயணம் முடிந்துவிடும்.

அதே வானூர் வட்டத்தில், மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் திருவக்கரை. பௌர்ணமி இரவு என்றால் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. வக்கிரகாளியம்மன் சன்னதியில் நள்ளிரவு 12 மணிக்கு ஏற்றப்படும் ஜோதியைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வந்து குவிவார்கள். அமாவாசை என்றால் அதே ஜோதி பகல் 12 மணிக்கு.

ஜோதி பார்த்து, எலுமிச்சம்பழம் வாங்கி, பஸ் பிடிக்கும் அவசரத்தில் பலரும் உள்ளே இருக்கும் சந்திரமௌலீஸ்வரர் கருவறைச் சுவரை நின்று பார்ப்பதில்லை. 'பொன்னியின் செல்வன்' படத்தில் ஜெயசித்ரா நடித்த செம்பியன் மாதேவி நினைவிருக்கிறதா? நெற்றி நிறைய திருநீறோடு வரும் அந்தப் பெரிய பிராட்டி கதாபாத்திரம் கற்பனை இல்லை. ரத்தமும் சதையுமாக வாழ்ந்த சோழ அரசி. அவர் எடுப்பித்ததாக நாம் அறிந்த கோயில்களில் கடைசியானது இந்தத் திருவக்கரைதான்.

அறுபது ஆண்டுகள், ஒரே வேலை!

மழவர் குலத்தில் பிறந்தவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி. கண்டராதித்தர் யார் என்றால், முதலாம் பராந்தகனின் மகன். அரியணையைவிடத் தில்லைக் கூத்தன்மீது அதிக ஈடுபாடு கொண்டவர். அவர் பாடிய திருவிசைப்பா சைவத் திருமுறைகளில் ஒன்பதாவதில் இடம்பெற்றிருக்கிறது.

மாதேவியின் பெயர் கல்வெட்டில் முதலில் தென்படுவது 941-ம் ஆண்டு. திருச்சியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலையில் ஒரு விளக்குக்குக் கொடை கொடுக்கிறார். அப்போது மாமனார் பராந்தகன் ஆட்சி. திருவக்கரைக் கல்வெட்டு ராஜராஜனின் 16-ம் ஆட்சியாண்டு, அதாவது 1001. இரண்டுக்கும் நடுவே சரியாக 60 ஆண்டுகள்.

அந்த 60 ஆண்டில் அவர் பார்த்தது கொஞ்சநஞ்சமில்லை. 957 வாக்கில் கணவர் காலமாகிறார். மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. அரியணை கொழுந்தனார் அரிஞ்சயனுக்குப் போகிறது, பிறகு அவர் மகன் சுந்தர சோழனுக்கு. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்படுகிறான். ஒருவழியாக மதுராந்தகன் 'உத்தம சோழன்' என்ற பெயரில் முடிசூடுகிறான். சுமார் 15 ஆண்டுகள் ஆட்சி. 985-ல் ராஜராஜன் அரியணை ஏறுகிறான். கல்வெட்டுகள் இவரைக் குறிப்பிடும்போது பெரும்பாலும் சேர்த்துச் சொல்லும் அடைமொழி, 'உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார்'. மகனுடைய ஆட்சிக்குப் பிறகும் 16 ஆண்டுகள் அந்தத் தாய் கோயில் வேலையை நிறுத்தவில்லை.

அரண்மனைக்குள் வாரிசுச் சண்டை நடந்ததா, அவர் யார் பக்கம் நின்றார் என்பதெல்லாம் நாவலாசிரியர்களுக்குச் சுவையான தீனி. கல்வெட்டு அதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை. அது பேசுவதெல்லாம் விளக்கு, நெய், ஆடு, நிலம், கல், கோயில்.

செங்கல்லைக் கல்லாக்கியவர்

அப்படி என்ன செய்துவிட்டார்? தேவாரம் பாடிய சம்பந்தரும் அப்பரும் ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போனபோது பார்த்த கோயில்களில் பெரும்பாலானவை இன்று நாம் பார்க்கும் கல் கோயில்கள் அல்ல. செங்கல், சுண்ணாம்பு, மரம். மழையிலும் வெள்ளத்திலும் கரையக்கூடியவை. பாடல் நின்றது, கட்டடம் நிற்கவில்லை.

அந்தப் பாடல் பெற்ற செங்கல் தளிகளைப் பிரித்து, அதே இடத்தில் கருங்கல்லில் கட்டுவதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார் மாதேவி. இப்படிக் கல்லால் கட்டப்பட்டதுதான் 'கற்றளி'. கோனேரிராஜபுரம், ஆடுதுறை, குத்தாலம், திருவாரூர் அரநெறி, விருத்தாசலம், திருக்கோடிக்காவல், ஆனாங்கூர் என்று பட்டியல் நீள்கிறது. பெரும்பாலும் காவிரிக் கரை. வடக்கே தள்ளி, தொண்டை நாட்டில் இருக்கும் திருவக்கரை இந்தப் பட்டியலில் கொஞ்சம் விலகி நிற்கும் ஊர்.

திருவக்கரையும் சம்பந்தர் பாடியதுதான். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32. அந்த வரிசையில் கடைசி மூன்றும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன: திருவக்கரை, ஒழிந்தியாம்பட்டில் இருக்கும் திருஅரசிலி, இரும்பை மாகாளம். இரும்பை, குயிலாப்பாளையத்துக்கு மிக அருகில். அங்கே அம்பாளின் பெயர் குயில்மொழி நாயகி! கடுவெளிச் சித்தரின் கோபத்தில் மூன்றாக வெடித்த லிங்கம் என்று சொல்லி, செப்புப் பட்டை கட்டிய சிவலிங்கத்தைக் காட்டுவார்கள். ஆரோவில் வருபவர்கள் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம். அது தனிக் கதை, திருவக்கரைக்கு வருவோம்.

கோயிலை எப்படிப் பார்ப்பது?

ராஜகோபுரம் தாண்டி உள்ளே போனதும் பார்வைக்கு முதலில் படுவது காளி சன்னதி. எட்டுக் கைகள், காதில் சிசு வடிவக் குண்டலம். வக்கிராசுரனின் தங்கை துன்முகியை அழிக்க வந்த காளி, அவள் வயிற்றில் இருந்த குழந்தையைக் கொல்லாமல் எடுத்துக் காதில் குண்டலமாக அணிந்துகொண்டாள் என்பது தலபுராணம். அண்ணன் வக்கிராசுரனை அழித்தவர் பெருமாள். அதனால்தான் இந்தச் சிவன் கோயிலுக்குள், கருவறைக்குப் பின்பக்கம், சக்கரத்தை ஏவும் நிலையில் வரதராஜப் பெருமாளுக்கும் ஒரு சன்னதி.

'வக்கிரம்' என்றால் கோணல், வளைவு. இந்த ஊரில் எல்லாமே கொஞ்சம் கோணல்தான் என்பார்கள். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை நான்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை, ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கும். நடராஜர் ஆடுவது வக்கிர தாண்டவம். சனீஸ்வரரின் காகம்கூட வழக்கமான பக்கம் பார்ப்பதில்லை. பக்தர்கள் இதைத் தலத்தின் மகிமையாகப் பார்க்கிறார்கள். கட்டடக்கலை கண்ணோடு பார்ப்பவர்களுக்கு வேறொன்றும் தோன்றும். ஒரு கோயில் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படுவதில்லை. ஒரு காலத்தில் கருவறை, இன்னொரு காலத்தில் மண்டபம், பிறகு கோபுரம் என்று நூற்றாண்டுக் கணக்கில் வளர்கிறது. ஆளாளுக்கு ஒரு நூல் பிடித்தால் கோடு விலகத்தான் செய்யும். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நஷ்டம் இல்லை.

கருவறையில் இருப்பது மும்முக லிங்கம். கிழக்கே தத்புருஷம், தெற்கே அகோரம், வடக்கே வாமதேவம். தமிழகத்தில் முகலிங்கமே அரிது, அதிலும் மூன்று முகம் என்பது இன்னும் அரிது.

தரிசனம் முடிந்ததும் உடனே வெளியே ஓடாமல் கருவறையை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். சோழர் கோயிலைப் படிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கீழிருந்து மேலே போக வேண்டும். தரையை ஒட்டி இருக்கும் அடித்தளத்துக்குப் பெயர் அதிட்டானம். நம் வீட்டு பேஸ்மென்ட் மாதிரிதான், ஆனால் வரிவரியாகச் செதுக்கியது. அதில் உருண்டையாகவோ பட்டை பட்டையாகவோ ஓடும் வரிக்குக் குமுதம் என்று பெயர். அதற்கு மேலே சுவர். சுவரில் கதவு இல்லாத சின்ன மாடம் போல இருப்பவை தேவகோட்டங்கள், சாமி சிலை நிற்கும் இடம். சுவருக்கு மேலே தாழ்வாரம்போல வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கபோதம். அதன் மேல் விமானத்தின் தளங்கள், கழுத்து, சிகரம், கலசம்.

செம்பியன் மாதேவியின் கைரேகை தெரிவது அந்தத் தேவகோட்டங்களில்தான். அவருக்கு முந்தைய சோழர் கோயில்களில் கருவறைச் சுவரில் பொதுவாக மூன்று பக்கம் மூன்று மாடங்கள் இருக்கும். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர் போன்ற ஒரு வடிவம், வடக்கே பிரம்மா. முன்மண்டபச் சுவரில் பிள்ளையாரும் துர்க்கையும் சேர்ந்துகொள்வார்கள். மாதேவி காலத்தில் இந்த மாடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அகத்தியர் வருகிறார், அர்த்தநாரி வருகிறார், பிச்சாடனர் வருகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடும் நடராஜர் கோயில் சுவரில் தனக்கென்று ஒரு மாடம் பெறுகிறார். இன்று உலகம் முழுக்க மியூசியங்களில் நிற்கும் அந்த நடராஜ வடிவம் இவ்வளவு பரவலானதற்குத் தில்லையில் மனதைப் பறிகொடுத்த இந்தக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பழைய கல்லைத் தூக்கிப் போடும் முன்...

செம்பியன் மாதேவி செய்ததில் ஆச்சரியமான விஷயம் வேறொன்று. திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எழுப்பியபோது, அங்கே ஏற்கெனவே பழைய கற்களில் முந்தைய மன்னர்கள் காலத்துக் கொடைகள் வெட்டப்பட்டிருந்தன. அந்தக் கற்கள் புதிய கட்டடத்துக்கு உதவாது. என்ன செய்திருக்கலாம்? தூக்கிப் போட்டிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

மாதேவி அப்படிச் செய்யவில்லை. அத்தனை கல்வெட்டுகளையும் புதிய சுவரில் திரும்ப வெட்டவைத்தார். அதோடு நிற்காமல், இது பழைய கல்லில் இருந்து எடுத்த பிரதி என்றும் பொறிக்கவைத்தார். இப்படி மறுபடி வெட்டப்பட்டவை மட்டும் 26. யாரோ ஒரு பல்லவன் காலத்தில், யாரோ ஒருவர் கொடுத்த விளக்குக் கொடைகூட தொலைந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நாம் இன்று ஆவணக் காப்பகம், பேக்-அப் என்று சொல்வதை ஓர் அரசி 1,000 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் செய்திருக்கிறார்.

கட்டியவர் பெயரையும் அவர் மறைக்கவில்லை. கணவர் பெயரால் எடுப்பித்த கோனேரிராஜபுரம் (பழைய பெயர் திருநல்லம்) கோயிலில், அதைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆலத்தூருடையான் சாத்தன் குணபட்டன் என்கிற அரசரண சேகரன். அவருக்கு 'இராசகேசரி மூவேந்த வேளான்' பட்டமும் கிடைத்தது. அதே சுவரில் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்குவதுபோல் ஒரு சிற்பம் இருக்கிறது. கணவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மனைவி செதுக்கவைத்த உருவம் அது.

இதை ஏன் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இன்றைய திருப்பணிகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கோயிலைச் சுத்தம் செய்கிறோம் என்று கம்ப்ரஸர் வைத்து மணலைப் பீய்ச்சி அடித்ததில் எத்தனையோ கோயில்களில் எழுத்துகள் மழுங்கிப்போயின. பிறகுதான் அறநிலையத் துறை அந்த முறைக்குத் தடை போட்டது. மணல் போனால் என்ன, பெயின்ட் இருக்கிறது, சிமென்ட் இருக்கிறது, பளபள டைல்ஸ் இருக்கிறது! தமிழகக் கோயில் திருப்பணிகளின் தரம் பற்றி யுனெஸ்கோ குழு ஒன்று ஆய்வு செய்து 2017-ல் அறிக்கை கொடுத்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் சிலைகளையும் பாதுகாக்க 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. 1,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசிக்குத் தானாகத் தோன்றியதை, நமக்கு கோர்ட் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருவக்கரைக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படியெடுத்துவிட்டார்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் விழும். இதற்கு மைப்படி என்று பெயர். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல காலம் மைசூரில்தான் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கல்லில் எழுத்து அழிந்தால் மிஞ்சப்போவது அந்தத் தாள்தான்.

சிலை போன கதை

கல்வெட்டு மழுங்கியது ஒரு பக்கம். சிலையே காணாமல்போனது இன்னொரு பக்கம். மாதேவி திருப்பணி செய்த விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் சுவர் மாடத்தில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை, சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வியாபாரி வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போனது. சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் அதை விலைக்கு வாங்கியது. கோயில் மாடத்தில் அதற்குப் பதிலாக வேறு சிலை நின்றது. பூஜையும் நடந்தது.

காட்டிக்கொடுத்தது பழைய போட்டோ! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களில் இருந்து தமிழகக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து வைத்திருக்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படமும் சிட்னி சிலையும் ஒன்றே என்று தெரிந்த பிறகு பேச வார்த்தை இல்லை. 2014 செப்டம்பரில் இந்தியா வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு இந்த அர்த்தநாரியையும் திருப்பிக் கொடுத்தார்.

அவரே போய்விட்டாரோ என்று நினைக்கவைக்கும் விஷயமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டனில் இருக்கும் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் ஓர் அழகான செப்புத் திருமேனி இருக்கிறது. உயர்ந்த கிரீடம், நீண்டு தளர்ந்த கை, மெல்லிய இடை. 1929-ல் அந்த மியூசியம் வாங்கியது. பார்வதி வடிவில் செம்பியன் மாதேவியையே வார்த்தது இது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள், இல்லை வெறும் பார்வதிதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. நாகப்பட்டினம் அருகே மாதேவியின் பெயரிலேயே இருக்கும் ஊரின் கோயிலில் இருந்து திருடப்பட்ட சிலை இது என்று தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-ல் அறிவித்தது.

அந்த ஊர்க் கோயிலில், அரசி பிறந்த சித்திரை மாதக் கேட்டை நட்சத்திரத்தில் அன்னதானம் நடக்க அவருடைய மருமகள்கள் கொடை கொடுத்திருக்கிறார்கள். மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு! டிவி சீரியல்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

கல்லாய்ப்போன மரம்

திருவக்கரையில் கோயிலோடு திரும்பிவிடக் கூடாது. கோயிலுக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலுக்கடியில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு நாராக சிலிக்கா ஏறி, அப்படியே கல்லாகிவிட்டன. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை, அடிமரம் மட்டும். அதனால்தான் இவை இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கிருந்தோ உருண்டு வந்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள். தொட்டால் கல், பார்த்தால் நேற்று வெட்டிப் போட்ட கட்டை. ஆண்டு வளையம்கூடத் தெரியும்.

பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781-ல் இவற்றைப் பற்றி எழுதிவைத்தார். 247 ஏக்கரில் பரவிக்கிடக்கும் இந்தப் பூங்கா இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஊர் மக்களிடம் இதற்கும் ஒரு கதை உண்டு. பெருமாள் சக்கரத்தால் வெட்டிச் சாய்த்த வக்கிராசுரனின் எலும்புகள்தான் இவை!

சுற்றிலும் கல்குவாரிகள். ஜல்லி ஏற்றிய லாரிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். வீடு கட்ட ஜல்லி வேண்டும்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால், 2 கோடி ஆண்டு மரத்தையும் 1,000 ஆண்டுக் கோயிலையும் வைத்திருக்கும் மண்ணில் எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக் கூடாது என்பதில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஜோதி பார்க்க வேண்டுமானால் பௌர்ணமி இரவு, கூட்டத்துக்குத் தயாராக. சுவரைப் பார்க்க வேண்டுமானால் சாதாரண நாளில் காலை நேரம். வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லில் எழுத்து நன்றாகத் தெரியும். மாவு பூசியோ சாக்பீஸ் தேய்த்தோ படிக்க முயல வேண்டாம், கல் பாழாகும். செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும், எழுத்து துலங்கிவிடும்.